திருட்டு என்ற அந்த ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஹாரி பாட்டர் பற்றிய கட்டுரையைப் பார்த்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, கடைசிக்கு முந்தைய பத்தி வரைக்கும். அந்தப் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதித் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் கதைகளை, 'சொந்தச் சரக்கு இல்லாதவர்களின் திருட்டு' என்று உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான்கு நாளாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. நானும் அப்படி எழுதியவள். பதினான்கு வயதில் ஆரம்பித்து முப்பத்தொரு கதைகள் எழுதியிருக்கிறேன்.

ஃபேன்ஃபிக் என்கிற இந்த ரசிகர் கதைகளை எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கதையின் தலையிலேயே, 'இந்தப் பாத்திரங்கள் என்னுடையவை அல்ல, ஜே.கே. ரவுலிங்குக்கு உரியவை, இதனால் எனக்கு ஒரு பைசா வருமானம் இல்லை' என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குவோம். திருடுகிறவர்கள் உடைமைக்காரரின் பெயரை வாசலிலேயே எழுதி வைப்பார்களா? ஹாரி பாட்டரை எழுதிய ரவுலிங்கின் முகவர் 2004-இல் சொன்னது என்ன? இப்படி எழுதுகிறார்கள் என்பதில் ரவுலிங்குக்குப் பெருமைதான், விற்பனைக்குப் போகக் கூடாது, ஆபாசம் கூடாது, அவ்வளவுதான். 2008-இல் அவர் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனதும் கதைகளுக்காக அல்ல. ஹாரி பாட்டர் உலகத்துக்கு ஒரு ரசிகர் தொகுத்த அகராதியைப் புத்தகமாக்கி விற்கப் பார்த்தார்கள், அதற்காகத்தான். அதே அகராதி இலவசமாகக் கிடைத்த காலத்தில் அவரே அதைப் பாராட்டியிருந்தார். விற்பதற்கும் பகிர்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்திரிகை நடத்தும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது புத்தகம் 2000 ஜூலையில் வந்தது. ஐந்தாவது 2003 ஜூனில். நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம். அடுத்து என்ன என்று தெரியாமல் உலகம் முழுக்கப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் எத்தனையோ பேர் பேனாவை எடுத்தார்கள். நான் ஐந்தாவது புத்தகத்துக்குப் பிறகு வந்தவள். அந்தப் புத்தகத்தில் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் இறந்துபோகிறார். அதற்கு முன்பே அவர் ஹாரியிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருப்பார். எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடு என்று கொடுத்த கண்ணாடி அது, ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்துப் பேசலாம். ஹாரி அதைப் பிரிக்கவே மாட்டான். பெட்டியின் அடியில் அது கண்ணில் படும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

அந்த வருடம்தான் என் அப்பா தவறினார். மூன்று மாதம் கழித்து, கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில் ஒரு கதை எழுதினேன். அதில் ஹாரி பொட்டலத்தை முதல் நாளே பிரித்துவிடுகிறான். வேறு ஒன்றும் நடக்காது, இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இணையத்தில் ஏற்றினேன். அடுத்த வாரம் போனபோது முகம் தெரியாத ஓர் அம்மா எழுதியிருந்தார். அவருடைய அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறதாம், கதையை மூன்று தடவை படித்தாராம். எந்தச் சொத்தைத் திருடி நான் அதை எழுதினேன் என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லட்டும்.

அப்புறம், எழுதக் கற்றுக்கொடுத்தது யார்? பீட்டா என்று சொல்வோம். நம் கதையை முன்கூட்டியே வாங்கிப் படித்துத் திருத்திக் கொடுப்பவர். பைசா வாங்க மாட்டார். எனக்கு வாய்த்தவர் ஸ்காட்லாந்தில் ஓர் ஓய்வுபெற்ற நூலகர். ஒரு கதையில் ஹாரியின் நண்பன் ரானின் அம்மா திருமதி வீஸ்லி டீயை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றுவதாக எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று ஓரத்தில் குறித்தார். அதோடு விடவில்லை. இதை அடித்துவிடாதே, பார்வதி பாட்டீல் வீட்டுக்குக் கொண்டுபோ, அங்கே பொருந்தும் என்று எழுதியிருந்தார்.

ஹாரியோடு படிக்கும் பார்வதி, பத்மா என்ற இரட்டையர்களை உங்களுக்கு நினைவிருக்கும். நான்காவது புத்தகத்தின் நடன விருந்தில் பார்வதிக்குப் பளிச்சென்ற ரோஸ் நிற உடையும் பொன்னிழை சேர்த்த பின்னலும் உண்டு. அன்று ஹாரியின் ஜோடி அவள்தான், அவனோ அவள் பக்கம் சரியாகத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புத்தகத்தில் அக்காள் தங்கை இருவரும் பள்ளியில் வெவ்வேறு இல்லங்களில், அதாவது மாணவர் பிரிவுகளில், படிக்கிறார்கள், சினிமாவில் அந்த வேறுபாட்டையும் காணோம். வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள், யார் தலை பின்னிவிடுவார், ஒன்றும் நமக்குத் தெரியாது. அந்த வெற்றிடத்தை எழுதினேன். என்னைப் போல எழுதிய இந்தியப் பெண்கள் எத்தனையோ பேர். ஏழு புத்தகம் முழுக்க நம் சாயலில் யார் வருவார் என்று தேடியவர்களுக்கு அந்த இரண்டு பெண்கள் கிடைத்தார்கள்.

என் பாட்டி பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை ராகம் போட்டுப் படிப்பாள். வியாசர் பாரதத்தில் மதுரை அல்லி கிடையாது. யாரோ ஒருவர், நம் ஊர் ராணியை அர்ச்சுனனுக்கு எதிரே நிறுத்திப் பார்த்தால் என்ன என்று ஆசைப்பட்டுப் பாடினார். ஊர் அதை ஏற்றுக்கொண்டது, வியாசரிடம் திருடிவிட்டார் என்று என் பாட்டி காலத்தில் யாரும் சொன்னதில்லை.

சரி, எல்லாக் கதைகளும் நன்றாக இருக்கின்றனவா? இல்லை. பாதிக்கு மேல் படிக்க முடியாதவை, என்னுடைய முதல் பத்தும் அந்த ரகம்தான். கட்டுரையாளர் அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மோசம் என்று சொல்லுங்கள், திருட்டு என்று சொல்லாதீர்கள். இந்த எழுத்தாளர்களும் வாசகர்களும் தங்கள் கதைகள் அழிந்துபோகாமல் இருக்கத் தாங்களே சேர்ந்து 2009-இல் இணையத்தில் ஒரு காப்பகம் திறந்தார்கள். விளம்பரம் கிடையாது, நன்கொடையும் தன்னார்வலர் உழைப்பும்தான். அதற்கு 2019-இல் டப்ளினில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில், அந்தத் துறையின் பெரிய விருதான ஹ்யூகோவைக் கொடுத்தார்கள். உங்கள் இணைப்பில் அது ஒரு துணுக்காகக்கூட வரவில்லை. வந்திருந்தால் வெட்டி வைத்திருப்பேன்.

இந்தச் சொல் எனக்குப் புதிதும் இல்லை. பத்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியை என் நோட்டைப் பிடுங்கி, காப்பியடித்த கதை என்று வகுப்பின் முன்னால் வாசித்தார். நோட்டு திரும்பி வரவே இல்லை. பிறகு, ஐந்து வருடத்துக்கு முன்னால் நீங்களே என் சிறுகதை ஒன்றை வெளியிட்டீர்கள், அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் என்னைப் பற்றிய குறிப்பில், 'ஃபேன்ஃபிக் எழுதி எழுதப் பழகியவர்' என்று நான் அனுப்பிய வரியை எடுத்துவிட்டீர்கள். இடம் போதவில்லை என்று சொன்னார்கள். அந்தப் பக்கத்தின் கீழே நான்கு விரற்கடை வெள்ளையாகக் கிடந்தது. அப்போது நான் எழுதிக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

நான் கேட்பது சிறியது. வரும் ஞாயிறு, வாசகர் கடிதங்களுக்குக் கீழே ஒரே ஒரு வரி போடுங்கள்: சென்ற வாரக் கட்டுரையில் 'திருட்டு' என்று வந்த இடத்தில் 'ரசிகர் புனைவு' என்று படிக்கவும். அவ்வளவுதான்.

கண்ணாடிக் கதையைத் தமிழில் திரும்ப எழுதி நான்கு தாள்களில் இதனுடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கட்டுரையாளரிடம் கொடுத்துவிடுங்கள். பிரசுரத்துக்கு அல்ல. உங்களுடையது விலைக்கு விற்கும் பத்திரிகை, அதில் இந்தக் கதை வரக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி.