நடைவண்டியோடு தரும் அட்டையைக் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையின் நடைவண்டி, தாயக்கட்டை, சொப்புச் சாமான்களின் விலை வரும் மாதம் முதல் உயர்கிறது. மரத்தின் விலையும் கடைசல் கூலியும் ஏறியிருப்பது தாங்கள் அறிந்ததே. தாங்கள் எல்லோரும் அறிந்த நம் ஆசாரியும் முதுமை காரணமாகப் பட்டறையை மூடிவிட்டார்.

ஆயினும் இம்மடலை எழுதத் தூண்டியது விலை அன்று. பொருள்களின் பழமையைச் சொல்லி நாங்கள் அவற்றோடு வைத்துத் தரும் அட்டைகளில் உள்ளவை யாவும் விற்பனைக்காகக் கட்டிய கதைகள் என்றும், சங்க காலத்துப் பிள்ளைகளுக்கு மூன்று சக்கர வண்டி இருந்ததாக எந்த நூலும் கூறவில்லை என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்போம். பொய் சொல்லி விற்கிறோம் என்பதை எங்களால் பொறுக்க இயலவில்லை.

சங்க நூலான பட்டினப்பாலையில் அந்த மூன்று சக்கர வண்டி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் காயும் உணவைக் கொத்த வந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த கனத்த காதணி, சிறுவர்கள் குதிரை பூட்டாமல் உருட்டி வரும் ‘முக்காற் சிறுதேர்’ செல்லும் வழியை மறித்துக் கிடக்கிறது. முக்கால் என்றால் இங்கே மூன்று உருளை. குறுந்தொகையின் 61ஆம் பாடலிலோ, தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறி ஊர முடியாவிட்டாலும் கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தத் தேரே இன்றைய நடைவண்டி என்று எங்கள் அட்டை எங்கும் சொல்லவில்லை. மூன்று உருளை வண்டியை அன்றும் பிள்ளைகள் உருட்டினார்கள் என்று மட்டுமே சொல்கிறது. ஐயமுள்ளவர்கள் அட்டையை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

தாயக்கட்டை அட்டையும் அப்படியே. கீழடி அகழாய்வில் தந்தத்தாலான தாயக்கட்டையும், பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகளும் கிடைத்தது ஊரறிந்த செய்தி. சதுர்த்திக்கு நாங்கள் விற்கும் மோதகத்தின் அட்டையில் இருப்பது மதுரைக்காஞ்சி: உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தையும் தேனடை போன்ற மெல்லடையையும் விற்றவர்கள், இரவு முதிர்ந்ததும் கடையிலேயே உறங்கிப் போகிறார்கள். மதுரையில் கடை நடத்தும் எங்களுக்கு எல்லா அட்டைகளிலும் மிகவும் பிடித்தது அதுதான்.

அந்தச் செய்தி பரவிய இடத்திலேயே பாடல் அடிகளை எடுத்து எழுதி எங்களுக்காகப் பேசிய வாடிக்கையாளர்களுக்கும், தம் பிள்ளைகளுக்கு வாங்கிய கடையிலேயே பேரப்பிள்ளைகளுக்கும் வாங்க வேண்டுமென்று தேடி வரும் பெரியவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தங்கள் அன்பு இல்லையேல் இக்கடை இல்லை. நடைவண்டிக்கு முன்பணம் செலுத்தியவர்களுக்கும் புதிய விலையே பொருந்தும். வண்டிகள் தைப் பொங்கலுக்குப் பிறகு கிடைக்கும்.

இனி ஒவ்வோர் அட்டையிலும் நூலின் பெயரோடு அடி எண்ணையும் அச்சிடுவோம். பத்துப்பாட்டும் குறுந்தொகையும் உரையுடன் கல்லாப்பெட்டி அருகிலேயே உள்ளன. கடைக்கு வரும் யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்