மாட்டுக் கதை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மார்கழி முழுக்கப் படுத்தியது, தை பிறந்த பிறகு கொஞ்சம் தேவலை. மற்றபடி புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பொங்கலன்று நாம் பேசியது. அதற்கப்புறம் அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிடுகிறாய், அதுவும் நான் பால் வாங்கப் போகும் நேரமாகப் பார்த்து. அது உன் விருப்பம். ஆத்தூர் விஷயத்தைப் பற்றி இதில் ஒரு வரி எழுதப் போவதில்லை. அம்மாவுக்கு அப்படி வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ பனியில் வண்டி ஓட்டப் போகிற சேதி அக்கா சொல்லித்தான் தெரியும். யெல்லோஸ்டோன் பூங்கா, பிப்ரவரி கடைசி வாரம், வழிகாட்டியோடு ஒரு நாள். நீ பதிவு செய்த தாளையும் அனுப்பியிருந்தாள். பாப்பா அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். ஒரு வண்டி, இரண்டு பேர் என்று இருந்தது. சரி.

இருபத்தாறு வருஷம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டியவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பனியைப் பற்றி இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பாய். உண்மைதான், ஃப்ரிட்ஜுக்குள் தவிர வேறெங்கும் நான் ஐஸைப் பார்த்ததில்லை. ஆனால் நாலு நாளாகப் பாப்பாவை விளையாடக்கூட விடாமல் உட்கார வைத்து, அவள் போனில் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். ஆகவே பொறுமையாகப் படி.

முதலில் அங்கே போய்ச் சேரும் வழி. சால்ட் லேக் சிட்டியிலிருந்து அந்த மேற்கு வாசல் ஊருக்குக் காரில் ஐந்து மணி நேரம் என்கிறாள் அக்கா. வேலை முடித்துவிட்டு இருட்டில் கிளம்பாதே. ரோடு ஈரமாக இருக்கிற மாதிரி தெரியுமாம், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத ஐஸ். கோடை முடிந்து முதல் மழை பெய்யும்போது நம் மலை ரோட்டில் ஆயில் எல்லாம் மிதந்து வழுக்குமே, அதற்குப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள். பிரேக்கைத் தொட்டால் போச்சு. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். எனக்கு அந்தப் பனி வண்டியைவிட இந்தக் கார்ப் பயணம்தான் பயம்.

வண்டியைப் பற்றி. குளிர்காலத்தில் அந்த வாசல் வழியாகக் கார் எதையும் விட மாட்டார்களாம், பனி மேல் ஓடுகிற வண்டிகள் மட்டும்தான். வழிகாட்டும் நிறுவனம் இல்லாமல் தானாகப் போக நினைப்பவர்களுக்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். நீ வழிகாட்டியோடு போகிறாய், அதுவரை நிம்மதி. அவர் சொல்வதைக் கேள். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல் சுற்றுகிற பட்டை. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, எல்லாம் பெல்ட். வலது கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும், இடது கையில் பிரேக். கட்டைவிரலை எடுத்தாலே வண்டி தளர்ந்துவிடும் என்பதால் பதறிப் பிரேக்கைப் பிடிக்காதே. வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவில் லேசாக இழுத்துக்கொண்டு போ. இதை நான் உனக்கு ஸ்கூட்டி கற்றுத் தரும்போதே சொன்னேன். பூங்காவுக்குள் மணிக்கு 35 மைல்தான், அதாவது 56 கிலோமீட்டர். மேற்கு வாசலிலிருந்து அந்த வெந்நீர் பீறிடும் இடத்துக்கு 48 கிலோமீட்டர். சேலத்திலிருந்து ஏற்காடு போய், திரும்பிப் பாதி மலை இறங்குகிற தூரம். அவசரமே இல்லை.

பின்னால் உட்காருபவரைப் பற்றித்தான் எனக்கு யோசனை. ஓட்டுபவனுக்குக் கைப்பிடியில் சூடு வரும். பின்னால் இருப்பவரின் கைப்பிடியிலும் வருகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடு. ஓட்டுபவனுக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு, வேலை, கவனம் என்று ஏதாவது இருக்கும், குளிர் உறைக்காது. சும்மா உட்கார்ந்திருப்பவர்தான் விறைத்துப் போவார். வளைவில் நீ சாய்கிற பக்கம் அவரும் சாய வேண்டும், எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது. அவருக்குக் குளிர் பழக்கமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர் என்றால் பழகியிருக்கும். நம் பக்கத்து ஆள் என்றால் உனக்குப் போடுவதைவிட ஒரு சுற்று கூடுதலாகப் போட வேண்டும். நான் எதையும் கேட்கவில்லை. குளிரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

துணி. பருத்தி பனியன் உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லி உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தோம். அங்கே அதுதான் வினையாம். வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பு மேலேயே ஈரமாகக் கிடக்கும், வண்டி நின்றதும் நடுக்கம் வந்துவிடும். ஆகவே உள்ளே கம்பளி, அல்லது வேர்வையை வெளியேற்றும் அந்த பாலியஸ்டர் துணி. காலுறை ஒரு ஜோடி போதும், ஆனால் கம்பளியாக இருக்கட்டும். இரண்டு ஜோடி போட்டு பூட்ஸுக்குள் திணித்தால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சீக்கிரம் மரத்துப் போகும். அம்மா ஏற்காடு ஏரிக் கடையில் வாங்கிய குரங்குக் குல்லாவை அனுப்பியே தீருவேன் என்கிறாள். அது ஹெல்மெட்டுக்குள் போகாது, போனாலும் ஹெல்மெட் சரியாக உட்காராது. அதற்கென்று மெல்லியதாக இருக்கிறதாம், அதை அங்கே வாங்கிக்கொள். நம்முடையதை ராத்திரி அறையில் போட்டுக்கொள்ளலாம். போனைச் சட்டைக்குள் நெஞ்சோடு வை, வெளியில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். மூச்சு மேலே போய் மூக்குக் கண்ணாடியை மறைக்கும், உனக்கு அது இல்லாமல் எதுவும் தெரியாது, அதற்கு என்ன வழி என்று வழிகாட்டியைக் கேள். குளிருக்கு இதம் என்று யாராவது எதையாவது ஊற்றிக் கொடுத்தால் வாங்காதே. உடம்புச் சூட்டை அது வெளியேதான் விரட்டும்.

மூக்கு நுனி, காது, விரல், எங்காவது வெளுத்து, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் தேய்க்கக் கூடாது. நம் வீட்டில் எதற்கும் தைலத்தை எடுத்துத் தேய்த்துத்தான் பழக்கம். அங்கே தேய்த்தால் சதை கெட்டுவிடும். உடனே வழிகாட்டியிடம் சொல், கதகதப்பான இடத்துக்குள் போ. உனக்கு உன் மூக்கு தெரியாது, பின்னால் இருப்பவர் உன் முகத்தைப் பார்க்கட்டும், நீ அவர் முகத்தைப் பார். 1933 பிப்ரவரியில் அதே மேற்கு வாசல் பக்கம் மைனஸ் 54 டிகிரி பதிவாகியிருக்கிறதாம். பாப்பாவை அதை மட்டும் அம்மா காதில் விழாமல் படிக்கச் சொன்னேன்.

வெந்நீர் ஊற்று இருக்கும் இடத்தில் மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்காதே. தரை கெட்டியாகத் தெரியும், ஆனால் மேலே மெல்லிய ஓடுதான், கீழே கொதிக்கிற தண்ணீர். இதுவரை இருபது பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். போட்டோவுக்காக ஒரு அடி பின்னால் வைப்பது உன் வழக்கம்.

பெருமையாகவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று அஞ்சு ரோடு டீக்கடையில் பழைய ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். என் பையன் பனிக்கட்டி மேல் வண்டி ஓட்டப் போகிறான், உலகத்தில் முதல் தேசியப் பூங்கா அதுதான், 1872ல் அறிவித்தது என்று எல்லாம் சொன்னேன். அங்கே மாடு ரோட்டுக்கே வருமாம் என்றும் சொன்னேன். உடனே ஒருத்தர், "யாரு, மாட்டக் கண்டா ஓடுவானே, அந்தத் தம்பியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. பாப்பாவைக் கூப்பிட்டு அந்த மாட்டைப் பற்றி மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். பைசன். நம் மலையில் திரிகிற காட்டு மாட்டையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் இனம் வேறாம். ஆண் மாடு 900 கிலோ வரை வருமாம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பனியை ஒதுக்கி அடியில் இருக்கிற புல்லைத் தின்னும். ஆழமான பனியில் நடப்பது கஷ்டம் என்று வண்டிக்காகச் சமப்படுத்திய பாதையிலேயே வரிசையாக நடந்து வரும். 23 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஓநாய், கரடி என்றால் 91 மீட்டர். எதிரே வந்தால் வழிகாட்டி நிறுத்தச் சொல்வார், நிறுத்திவிட்டு அவர் சொல்கிறபடி செய்.

அப்போது உனக்குக் கை நடுங்குமோ என்றுதான் எனக்கு. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மேலே எழுதியதெல்லாம் அக்காவே போனில் சொல்லியிருப்பாள்.

அன்றைக்கு மாடு எதுவும் வரவில்லை சாமி.

2001 மார்கழி. சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு, ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டு இறங்கினோம். அக்கா பாட்டி வீட்டில். நீ எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் தூங்கிவிட்டாய். இறக்கம்தானே என்று நான் ஸ்கூட்டரின் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டேன். கால் லிட்டர் பெட்ரோல் மிச்சமாகும். பஸ்ஸை எந்தப் பயலாவது அப்படி இறக்கினால் அவன் தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டுகிறவன் நான். அந்தப் பழைய வண்டியில் இன்ஜின் ஓடினால்தான் விளக்கு எரியும். மூட்டம் இறங்கி இருட்டவும் தொடங்கியிருந்தது. அம்மா முதலில் மெதுவாக, "இன்ஜினப் போடுங்க" என்றாள். அப்புறம் தோளைத் தட்டிச் சொன்னாள். மலையில் வண்டி ஓட்ட எனக்கே கற்றுத் தருகிறாயா என்று கேட்டேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. இரண்டு வளைவு தாண்டும்போது பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பு போய்விட்டது. பதினோராவது வளைவில் திருப்ப முடியாமல் தடுப்புச் சுவரில் விட்டேன்.

தோட்ட வேலை முடிந்து வந்த இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். என்னங்க ஆச்சு என்றார்கள். "மாடு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். மீதியை அவர்களே சொன்னார்கள், ரெண்டு நாளா ஒரு கூட்டம் இந்தப் பக்கம் சுத்துதுங்க என்று. அம்மா கீழே கிடந்தபடி என்னைப் பார்த்தாள். முழங்கால் சில்லு உடைந்திருந்தது. எனக்கு ஒரு சட்டைப் பொத்தான் போனது.

நீ எதையும் பார்க்கவில்லை. புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடம் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். ஒரு மாதத்தில் நீயே சொல்ல ஆரம்பித்தாய், இவ்வளவு உயரம், கண் சிவப்பா இருந்துச்சு, காலில் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருந்துச்சு என்று. அந்த வெள்ளைக் கால் நான் சேர்த்தது. அதற்கப்புறம் தெருவில் பால் மாட்டைக் கண்டால்கூட அம்மா முந்தானைக்குள் போனாய். மாட்டுப் பொங்கலுக்கு எல்லாப் பிள்ளைகளும் களத்தில் நிற்க, நீ மட்டும் திண்ணையில். ஆம்பளப் பையனுக்கு என்ன பயம் என்று நானே உன்னை இழுத்துக்கொண்டு போய்க் கொம்பைத் தொட வைத்தேன். டவுசரிலேயே போய்விட்டாய். ஊரே சிரித்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியதற்குப் பதக்கம் வேறு கொடுத்தார்கள். சொந்த வண்டி அந்தக் கணக்கில் வராது. ஹாலில் மாட்டியிருந்ததை இன்று காலை கழற்றி பீரோவில் வைத்தேன், அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

ஆகவே அங்கே மாட்டைப் பார்த்தால் நன்றாகப் பார். நீ பார்க்கப் போகிற முதல் காட்டு மாடு அதுதான். 23 மீட்டர். பின்னால் இருப்பவர் மெதுவாகப் போ என்றால் மெதுவாகப் போ. கற்றுத் தருகிறாயா என்று கேட்காதே.

இதை எழுதிவிட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பதினோராவது இல்ல, ஒம்பதாவது" என்றாள். எழுந்து உள்ளே போனாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நான் மேலே திருத்தவில்லை.

பார்சல் வெள்ளிக்கிழமை கிளம்பும். எள்ளுருண்டை ஒரு கிலோ, பருப்புப் பொடி, குரங்குக் குல்லா இரண்டு. இரண்டாவது குல்லா அம்மா வைத்தது, அளவு தெரியாமல் நடுவாந்தரமாக எடுத்திருக்கிறாள். பாலுக்கு நான் காலை ஆறு மணிக்குப் போனால் ஆறரைக்குள் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா