கதைக்குக் காது கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

வடசென்னைச் சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் எழுதியவர்கள் பேர் இருக்கும். கைப்பிரதியை வரிவரியாக உலுக்கியவர்கள் பேர் எங்கேயும் இருக்காது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி காசிமேட்டு அண்ணன்மாருக்கும் மீன்கார அக்காமாருக்கும். மே மாதத்தில் விசைப்படகு கடலுக்குப் போகிற கதை எதுவும் உங்களைத் தாண்டி வரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில்தான் நிற்கும், சின்ன ஃபைபர் படகு போகலாம். இதைச் சொன்னதும் தேதி மட்டுமா திருந்தியது? விசைப்படகுக்காரன் வீட்டில் வருமானம் நின்றிருக்க, பக்கத்து வீட்டு ஃபைபர் படகு மீன் நல்ல விலைக்குப் போகிறது. கதைக்கு வேண்டிய முடிச்சு அங்கேயே இருந்தது. காசிமேட்டுக் கடலில் சூரியனை மறைய வைக்கும் வர்ணனைகளையும் நீங்களே வெட்டினீர்கள். நம் கடலில் அது உதிக்கத்தான் செய்யும்.

அடுத்து, வசனங்களை வாய்விட்டுப் படித்த வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகளுக்கு. எழுதியவரே படித்தால் தப்பு காதில் விழாது, எங்கே நிறுத்தணும் என்று அவருக்குத் தெரியுமே. முன்னால் பார்க்காத ஆள் படிக்கணும். நாக்கு தடுக்குகிற இடத்தில் பென்சில் கோடு போடணும். கோடு விழுந்த இடங்களில் பெரும்பாலும் எழுத்துநடை வினைமுற்று பேச்சுக்குள் புகுந்திருக்கும். இல்லையென்றால், இரண்டு பேருக்கும் தெரிந்த சங்கதியை வாசகருக்காக ஒருத்தர் ஒப்பித்துக்கொண்டிருப்பார். “உன் தம்பி மூணு வருஷமா ஹார்பர்ல வேலை செய்யறானே” என்று எந்த அம்மா மகளிடம் சொல்லுவாள்? “அவன் இன்னும் வர்ல” போதும்.

‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’ எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டினால் மதுரை வாசகர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், கதை நின்றுவிடும். வாக்கியத்துக்கு ஒரு வட்டார வடிவம் போதும். ஆயா ‘கீது’ என்பாள், காலேஜ் போகிற பேத்தி ‘இருக்கு’ என்பாள். அந்த வித்தியாசமே வயசைச் சொல்லிவிடும். ‘கஸ்மாலம்’ சினிமாவுக்கே இருக்கட்டும் என்றீர்கள். இருக்கட்டும்!

கேரம் கிளப் நண்பர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. ரெட் காய் விழுந்ததோடு ஆட்டத்தை முடிக்கிற கதைகள் நிறைய உண்டு. உடனே ஃபாலோ, அதாவது அடுத்த அடியில் தன் காய் ஒன்று, போடாவிட்டால் ரெட் பலகைக்குத் திரும்பிவிடும் என்பதை நினைவுபடுத்தினீர்கள். பதற்றத்தை வைக்க வேண்டிய இடம் அந்த இரண்டாவது அடி. ரெட் விழும்போது ஒரு சின்ன வாக்கியம், ஃபாலோவுக்கு முன்னால் ஒரு பத்தி.

ஒற்றுப்பிழை பார்த்த தமிழாசிரியைக்கும், சாயங்காலமெல்லாம் பெஞ்சை விட்டுக்கொடுத்த டீக்கடை அண்ணனுக்கும் நன்றி.

புத்தகம் வந்ததும் ஆளுக்கொரு பிரதி. காசிமேட்டுக்கு மீன் ஏலம் முடிந்த பிறகு கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
கதை எழுதியவர்கள்,
தண்டையார்பேட்டை