செயலாளரின் ஆண்டறிக்கை: கேம் பாய் இசைச் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கேம் பாய் என்னும் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியில் இசை அமைக்கும் நம் சங்கத்தின் கடந்த ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கேம் பாயில் இசை எழுத உதவும் இரண்டு மென்பொருள்களான நானோலூப்புக்குத் தனியாகவும் எல்எஸ்டிஜேக்குத் தனியாகவும் புதியவர்களுக்கான வகுப்புகள் நடத்தப்பட்டன. பழுதுபார்க்கும் நாளில் கரகரத்த வால்யூம் சக்கரங்களைச் சுத்தம் செய்தோம், திரையில் கோடு விழுந்த கருவிகளைச் சரிசெய்தோம். சங்கக் கருவிகளின் ஒலி வெளியீட்டைத் தெளிவாக்கும் ‘ப்ரோசவுண்ட்’ மாற்றம் செய்வது பற்றிய தீர்மானம் மட்டும் நிலுவையில் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஒலிபெருக்கிச் சில்லைத் தொடாமல், வால்யூம் சக்கரத்துக்கு முன்பிருந்தே கம்பி இழுத்துத் தனி ஜாக்கில் ஒலியை எடுத்தால் இரைச்சல் நன்றாகக் குறையும் என்பது என் கருத்து. மாற்றாமல் விட்டால்தான் அடித்தொனியின் கனம் நிற்கும் என்பார்கள் சிலர். பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். பேசுவதற்குத்தான் இருமுறை கூட்டியும் குறைவெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை, வரவில்லை.

இந்த ஆண்டு என் உழைப்பில் பெரும்பகுதி உறுப்பினர்களின் பாட்டுகளைப் பிரதியெடுப்பதில் போனது. “இதெல்லாம் சங்கத்தின் வேலையா?” என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

எல்எஸ்டிஜேயில் நாம் எழுதும் பாட்டு கேம் பாய்க்குள் இருப்பதில்லை. கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் உள்ள எஸ்ரேம் நினைவகச் சில்லில்தான் இருக்கிறது. மொத்தம் 128 கிலோபைட். அதற்குள் 32 பாட்டுகள் வரை கோப்புகளாக வைக்கலாம். ஆனால் மின்சாரம் நின்றால் அந்தச் சில்லுக்கு எதுவும் நினைவிருக்காது. கருவியை அணைத்த பிறகு அதற்கு உயிர் கொடுப்பது கார்ட்ரிட்ஜுக்குள் பற்றவைத்திருக்கும் சின்னப் பொத்தான் பேட்டரி. அது தீரும் நாளை யாரும் நமக்குச் சொல்லப் போவதில்லை. ஒருநாள் கருவியைப் போட்டால் பட்டியல் காலியாக இருக்கும். பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியது வைக்கப் போனாலும் அதே கதிதான். ஆகவே முதலில் பிரதி, பிறகுதான் பேட்டரி. பேட்டரி இல்லாமலே நினைவில் வைத்துக்கொள்ளும் எஃப்ரேம் சில்லு உள்ள கார்ட்ரிட்ஜ்களுக்கு இந்தப் பயம் இல்லை. நம்மில் பலரிடம் இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல.

சேமிப்புக் கோப்பை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. போதாது. நாம் பயன்படுத்தும் தாள ஒலிகளின் ‘கிட்’கள் சேமிப்பில் இல்லை, மென்பொருள் அடங்கிய ரோம் கோப்பிலேயே இருக்கின்றன. வேறு ரோமில் போட்டுப் பார்த்தால் பாட்டு ஓடும், ஆனால் ஸ்னேர் முரசொலி வரவேண்டிய இடத்தில் வேறெதுவோ வரும். அதனால் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலிருந்தும் இரண்டையும் எடுத்து, எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது, எந்த மாதிரிக் கருவியில் வாசிக்கப்பட்டது என்ற குறிப்போடு சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய சாம்பல் நிறக் கேம் பாயில் திரண்டு ஒலிக்கும் பேஸ் என்னும் அடித்தொனி பிற்காலக் கருவிகளில் அப்படி ஒலிப்பதில்லை என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாமல் போகும்.

இவ்வளவும் சொல்லி, கடிதம் அனுப்பி, கூட்டங்களில் நினைவூட்டியும், கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தவர்கள் பாதிப்பேர் கூட இல்லை. மூத்த உறுப்பினர் ஒருவரிடம் நான் பலமுறை கேட்டேன். அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் சொல்வது முறையாகாது. அவருடைய கார்ட்ரிட்ஜ் இந்த ஆண்டின் நடுவில் காலியாகிவிட்டது. சங்கம் தொடங்கிய காலத்தில் நாம் எல்லோரும் கேட்டுக் கற்றுக்கொண்ட பாட்டு அதில்தான் இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது அரங்கத்தின் பேச்சுச் சத்தத்தோடு சேர்ந்த ஓர் ஒலிப்பதிவு. காதால் கேட்கலாம், அவ்வளவுதான். திறந்து பார்த்து, சுரம் வழுக்கும் அந்த இடத்துக்கு என்ன கட்டளை கொடுத்தார், கட்டளைகளை அடுக்கும் டேபிளை எப்படி எழுதினார், தாள நடையைத் தீர்மானிக்கும் குரூவ் எண்களை எங்கே மாற்றினார் என்று படிக்க இனி வழியில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

அடுத்து, ஆண்டு இசை நிகழ்ச்சி. நடந்தது, அவை நிறைந்திருந்தது. ஆனால் நிறைவுப் பாட்டு பற்றிப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு கேம் பாய்களை லிங்க் கேபிளால் இணைத்து, ஒன்று கடிகாரம், அதாவது வேகத்துக்கான துடிப்பு, கொடுக்க மற்றது அதைத் தொடர, எட்டுத் தடங்களில் வாசிப்பதாக ஏற்பாடு. ஒத்திகையும் பார்த்தாயிற்று. இரண்டாவது கருவியை வாசிக்க வேண்டியவர் வரவில்லை. தகவல் வந்து சேர்ந்தபோது நிகழ்ச்சியின் முதல் கலைஞர் மேடை ஏறிவிட்டார். நிரலில் அச்சான பாட்டை விட மனமில்லாமல் நானே அதை நான்கு தடத்துக்குள் அடக்கினேன்.

1989இல் வந்த அந்தக் கருவியில் இருப்பவை இரண்டு பல்ஸ் (சதுர அலை) தடங்கள், 32 புள்ளிகளில் நாமே வரைந்துகொள்ளும் ஒரு அலைத் தடம், ஓர் இரைச்சல் தடம். இரு கருவிகள் இருந்தால் ஒன்றின் அலைத் தடத்தில் தாளக் கிட்டும் மற்றதன் அலைத் தடத்தில் பேஸும் போகும். ஒன்றே என்றால் இரண்டில் ஒன்று வெளியேற வேண்டும். நான் கிட்டை எடுத்துவிட்டேன். கிக் ஒலியை முதல் பல்ஸ் தடத்துக்குக் கொண்டுபோய், சுருதி சட்டென்று சரியும்படி ஸ்வீப் கொடுத்தேன். அந்த வசதி அந்தத் தடத்துக்கு மட்டுமே உண்டு. ஸ்னேரும் ஹை-ஹாட்டும் இரைச்சல் தடத்தில். மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடங்களில் அவற்றை வேகமாக மாற்றி மாற்றி ஒரே தடத்தில் ஓடவிட்டேன். மெல்லிசை மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மட்டும் அது வரும். அவை கைதட்டியது. ஆனால் இரண்டு கருவிகளின் பல்ஸ் தடங்களை இழையளவு சுருதி விலக்கி வைத்து நாம் கட்டியிருந்த அந்த விரிவு அன்று யாருக்கும் கிடைக்கவில்லை. ஒருவர் வராததால் மற்றவர்கள் இழப்பது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவாக நான் எதைச் சொல்வது?

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன, கையிருப்பு அதிகமில்லை. பேட்டரி, கேபிள், அரங்க வாடகை, கார்ட்ரிட்ஜ் படிக்கும் கருவி ஆகியவையே முக்கியச் செலவுகள். சந்தா நிலுவை கவலை தரும் அளவில் இருக்கிறது. நிகழ்ச்சியில் இடம் வேண்டும் என்று முதலில் கேட்பவர்களின் பெயர்களே நிலுவைப் பட்டியலிலும் முதலில் இருக்கின்றன. இரவல் போன சங்கக் கருவிகளில் சில இன்னும் திரும்பவில்லை. அவை இல்லாமல் வரும் ஆண்டு வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கருவி என்றுதான் வைக்க முடியும். பொத்தான் அழுத்திப் பழகாமல் இந்த இசை கைக்கு வராது.

ஆலோசனை தந்த தலைவருக்கும், கணக்கைப் பொறுமையாக எழுதிய பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், அரங்கம் கொடுத்தவர்களுக்கும், மேடையில் ஒலி அமைத்தவர்களுக்கும், ஒரு கூட்டம் கூடத் தவறாமல் வந்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். பிரதியெடுக்கும் பணி ஒருவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடியது இல்லை. பொதுக்குழு விரும்பினால் பொறுப்பில் தொடர எனக்குத் தடையில்லை, ஆனால் கூட இரண்டு பேர் வேண்டும். பற்றவைக்கத் தெரிந்தவராக ஒருவர், பட்டியல் எழுதும் பொறுமை உள்ளவராக ஒருவர். இளைய உறுப்பினர்கள் முன்வந்தால் தேவையானதை நானே கற்றுத் தருவேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவரவர் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவாருங்கள். கூட்டம் முடிவதற்குள் பிரதி எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். இரவல் வாங்கிய கருவிகளையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம், காரணம் எதுவும் கேட்க மாட்டோம். சந்தாவுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்