வராத டேப்லெட்டைக் காட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் டெக் வீடியோ போடும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். பாதி வகுப்புகள் ஆன்லைனில்தான். கரும்பலகை, சாக்பீஸ், டஸ்டர் எல்லாமே எனக்கு ஒரு ஐபேடும் அதன் பேனாவும். அதனால் டேப்லெட் பற்றி யார் எது பேசினாலும் காது அந்தப் பக்கம் போய்விடும். உங்கள் வீடியோக்களை விடாமல் பார்ப்பேன். எந்த மாடலில் எது குறைச்சல், எந்த கார்டுக்கு எவ்வளவு தள்ளுபடி என்று நீங்கள் தமிழில் சொல்லியிருக்காவிட்டால், ஷோரூமில் நிற்கும் பையன் சொல்வதுதான் எங்களுக்கு வேதவாக்காக இருந்திருக்கும். அந்த நன்றி மனதில் இருக்கிறது. குறை ஒன்றும் இருக்கிறது.

"அடுத்த ஐபேட் மினி இப்படித்தான் இருக்கும்" என்று தம்ப்நெயிலில் பளபளவென்று ஒரு ரெண்டர் படம் (கம்ப்யூட்டரில் வரைந்த கற்பனைப் படம்தான்), பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. உள்ளே போனால் விளிம்பு எவ்வளவு மெலிசு, தடிமன் எத்தனை மில்லிமீட்டர் குறையும், என்னென்ன கலர் என்று பத்து நிமிடம். கடைசியில் "வாங்கலாமா, வெயிட் பண்ணலாமா?" என்று நீங்களே கேட்டு, "வெயிட் பண்ணுங்க மக்களே" என்று நீங்களே முடித்துவிடுகிறீர்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வரவே முடியாது. கையில் இருப்பதை மாற்றலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற எதுவும் அந்தப் படத்தில் தெரியாது.

பேனாவை எடுத்துக்கொள்வோம், என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. 2015-இல் வந்த முதல் ஆப்பிள் பென்சிலுக்குச் சார்ஜ் போட, பின்மூடியைக் கழற்றி ஐபேடின் அடியில் செருக வேண்டும். ஐபேடுக்கு வால் முளைத்தது போல நீட்டிக்கொண்டு நிற்கும். 2018-இல் வந்த இரண்டாவது பென்சில் பக்கவாட்டில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டது. 2020, 2022 ஐபேட் ஏர்களும் 2021 மினியும் அதைத்தான் ஏற்றுக்கொண்டன.

இப்போது 2022 ஏரையும், 2024-இல் வந்த 11 அங்குல ஏரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நீளம், அதே அகலம், இரண்டுமே 6.1 மில்லிமீட்டர் தடிமன். முன்கேமரா மட்டும் குறுகிய விளிம்பிலிருந்து நீண்ட விளிம்புக்கு இடம் மாறியிருக்கும். வகுப்பு எடுக்கிறவர்களுக்கு அருமையான மாற்றம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பேனா ஒட்டுகிற இடமும் அதே நீண்ட விளிம்புதான். கேமரா அங்கே குடிவந்ததும் உள்ளே இருந்த காந்தங்களும் சார்ஜிங் அமைப்பும் மாறின. பழைய பென்சில் அதில் சார்ஜும் ஏறாது, எழுதவும் எழுதாது. புதிதாகப் பென்சில் ப்ரோ வாங்க வேண்டும், 11,900 ரூபாய். இல்லையென்றால் 7,900 ரூபாய்க்கு யூஎஸ்பி-சி பென்சில், அதற்கு அழுத்தம் தெரியாது. நான் ஒரு சமன்பாட்டில் பிள்ளைகள் தவறும் இடத்தைச் சுற்றி அழுத்தி வட்டம் போட்டால் கோடு தடிக்கும். "இங்கே கவனி" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்த வசதி போய்விடும்.

வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்த இரண்டு டேப்லெட்டுகளுக்கு நடுவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்திருக்கிறது. எந்த ரெண்டர் படத்தில் அம்புக்குறி போட்டு இதைக் காட்டியிருப்பீர்கள்?

மெலிவு விஷயத்துக்கும் வருவோம், உங்களுக்குப் பிடித்த விஷயமாயிற்றே. 2024 மே மாதம் வந்த, எம்4 சிப் உள்ள ஐபேட் ப்ரோவின் 13 அங்குல மாடல் 5.1 மில்லிமீட்டர், 11 அங்குல மாடல் 5.3. அதற்கு முந்தைய 11 அங்குல ப்ரோக்கள் 5.9. அதாவது 11 அங்குலத்தில் குறைந்தது 0.6 மில்லிமீட்டர். பழைய மேஜிக் கீபோர்டு இந்தப் புது உடம்புக்கு ஆகாது, பழைய பென்சிலும் ஆகாது. 11 அங்குலத்துக்கான புதுக் கீபோர்டு 29,900, பென்சில் 11,900, இரண்டும் சேர்ந்து 41,800 ரூபாய். டேப்லெட்டின் ஆரம்ப விலை 99,900 இதில் சேரவில்லை. கணக்கு டீச்சர் என்பதால் சொல்கிறேன், "இது எவ்வளவு மெலிசுன்னு பாருங்க" என்று வியக்கும் அதே மூச்சில் இந்தக் கூட்டலையும் போட்டுக் காட்டியிருக்கலாம்.

சாம்சங் பக்கம் கதை வேறு. அங்கே எஸ் பென் என்ற அவர்கள் பேனா, வாக்கம் நிறுவனத்தின் மின்காந்தத் தொழில்நுட்பத்தில் ஓடுகிறது. எழுதுவதற்குத் தேவையான சக்தியைத் திரையிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பேனாவுக்குள் பேட்டரி இருந்தால் அது சைகை போன்ற உபரி வேலைகளுக்குத்தான். டேப் எஸ் வரிசையில் பேனா பெட்டியோடு வரும், பழைய பேனா பெரும்பாலும் புது டேப்லெட்டிலும் எழுதும். ஒருவர் ஐபேடிலிருந்து ஐபேடுக்கு மாறுவதும் டேப் எஸ்ஸிலிருந்து டேப் எஸ்ஸுக்கு மாறுவதும் செலவில் ஒன்றல்ல என்பதை உங்கள் ஒப்பீட்டு வீடியோக்களில் தேடித் தேடிப் பார்க்கிறேன், வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் எண்களுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது.

அப்புறம் அப்டேட். 2018 ஐபேட் ப்ரோவுக்கு 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 இயங்குதளம் கிடைத்தது. அதற்கு ஒரு வருடம் கழித்து, 2019-இல் விற்பனைக்கு வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்குக் கிடைக்கவில்லை. இளையது முதலில் ஓய்வு பெற்றுவிட்டது. காரணம், அதற்குள் இருந்தது 2016-இல் ஐபோன் 7-உடன் வந்த ஏ10 சிப். புத்தம் புதிதாகப் பெட்டி பிரித்தவருக்கு மூன்று வயதான சிப் கிடைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த அடிப்படை ஐபேடில் ஏ16 சிப். ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகள் அதில் ஓடாது, அதற்கு முந்தைய வருடமே வந்த மினியில் ஓடும், ஏனென்றால் மினியில் ஏ17 ப்ரோ. ஆண்டிராய்டிலும் இதே வித்தியாசம் உண்டு: டேப் எஸ்9-க்கு நான்கு முறை ஓஎஸ் மாற்றம் என்று சொன்ன சாம்சங், டேப் எஸ்10-க்கு ஏழு என்றது. ஐந்தாறு வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு விளிம்பின் அகலத்தைவிட இது எத்தனை மடங்கு முக்கியம்!

வதந்தியே பேசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் அதில் ருசி உண்டு. சில லீக்குகள் அச்சுப் பிசகாமல் பலித்திருக்கின்றன. 2018-இல் ஆப்பிளின் ஐஓஎஸ் இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பு ஒன்றுக்குள் ஹோம் பட்டன் இல்லாத ஐபேடின் குட்டிச் சின்னம் ஒன்று ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள், அந்த வருடமே அப்படி ஒரு ஐபேட் வந்தது. 2024 ப்ரோவின் ஓஎல்இடி திரையும் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஐபேட் ப்ரோவுக்குக் கண்ணாடி முதுகு வருகிறது, வயர் இல்லாமல் சார்ஜ் ஏறும் என்று 2021-இலேயே பேச்சு கிளம்பியது. 2022-இல் வந்தது அலுமினியம். 2024-இல் அலுமினியம். 2025 அக்டோபரில் வந்த எம்5 ப்ரோவும் அலுமினியம்தான்.

செய்கிறவன் வாயையே நம்ப முடியாத தொழில் இது. 2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ், 7 அங்குல டேப்லெட்டுகள் எடுபடாது, அதைப் பயன்படுத்த விரலைத் தேய்த்துச் சின்னதாக்க உப்புத்தாளும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கேலி செய்தார். 2012-இல் 7.9 அங்குல மினி வந்தது. 2007-இல் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். இன்று அவர் நிறுவனத்துப் பேனாவில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. நிறுவனர் பேச்சே இப்படி ஆகும்போது, கவர் தயாரிப்பவர் கையில் கிடைத்த அளவுகளையும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பட்டியலில் வந்த ஒரு மாடல் எண்ணையும் வைத்து "கன்ஃபார்ம்" என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

மினியையே பாருங்கள். நான்காவது மினி 2015 செப்டம்பரில், ஐந்தாவது 2019 மார்ச்சில், ஆறாவது 2021 செப்டம்பரில், அதற்கடுத்தது 2024 அக்டோபரில். 2016-இல் "அடுத்தது வரட்டும்" என்று உட்கார்ந்தவர் மூன்று வருடம் போல உட்கார்ந்திருப்பார். 2021 மினி வந்தபோது அதன் புது வடிவத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். வாங்கியவர்கள் செங்குத்தாகப் பிடித்துப் பக்கத்தை உருட்டியபோதுதான், திரையின் ஒரு பாதி இன்னொரு பாதியைவிடக் கொஞ்சம் பின்தங்கி நகர்வது கண்ணில் பட்டது. எல்லோருக்கும் அது உறுத்தவில்லை. உறுத்தியவர்களுக்குப் பிடிஎஃப் படிப்பதே இம்சையாகிவிட்டது. வெளிவருமுன் வந்த படங்களில் இது தெரிந்திருக்க வழியே இல்லை.

இப்போது மறுபடியும் மினி சீசன். ஓஎல்இடி திரை வரும், ஸ்பீக்கர் ஓட்டைகளே இல்லாமல் தண்ணீர் புகாத உடம்பு வரும் என்கிறார்கள். வரலாம். என் மாணவி ஒருத்தியின் அப்பா உங்களில் யாரோ ஒருவர் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், புதுசு ஒண்ணு வருதாம்லா, அதுவரைக்கும் பொறுத்துக்கிடுவோமா?" என்று கேட்டார். அவர் மகள் பிளஸ் டூ. மூலையில் விரிசல் விட்ட போன் திரையில் என் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். வகையீட்டுக் கணக்கில் மேலே இருக்கும் அடுக்குக்குறி 2-ஆ 3-ஆ என்று என்னிடம் மெசேஜில் கேட்பாள். பொதுத்தேர்வு மார்ச்சில். வராத மினிக்காக அவளை எதற்குக் காக்க வைக்க வேண்டும்? பேனா பெட்டியோடு வரும், விலை குறைந்த ஒரு லைட் மாடல் போதும் அண்ணாச்சி, இந்த மாதமே வாங்குங்கள் என்றேன். "இல்லை, அந்தத் தம்பி வெயிட் பண்ணச் சொல்லுதாரே" என்றார். உங்கள் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "நீங்க மட்டும் என்ன?" என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது 2018 ப்ரோ, 11 அங்குலம். புது ப்ரோவைப் பார்க்கும்போதெல்லாம் ஆசை வருகிறது. மெலிவுக்காக இல்லை, கேமராவுக்காக. படுக்கைவாட்டில் வைத்து வகுப்பு எடுக்கும்போது பழைய ஐபேடின் கேமரா இடது ஓரத்துக்குப் போய்விடும். நான் திரையைப் பார்த்துப் பேசினால் பிள்ளைகளுக்கு நான் ஜன்னலைப் பார்த்துப் பேசுவது போலத் தெரியும். அந்த ஒன்றுக்காக ஒன்றரை லட்சத்தைத் தொடும் செலவு நியாயமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பென்சில் முனையை மட்டும் மாற்றினேன். ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது. புது முனை போட்டதும் கோடு பழையபடி வந்துவிட்டது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரப்போகும் டேப்லெட் பற்றிப் பேசுங்கள், தாராளமாக. ஆனால் "வெயிட் பண்ணுங்க" என்பதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். பேட்டரி ஒரு வகுப்புகூடத் தாங்காதவர், அப்டேட் நின்றுபோனவர், இதுவரை டேப்லெட்டே இல்லாதவர், நன்றாக ஓடும் ஒன்றை வைத்துக்கொண்டு அரிப்பு தாங்காதவர், இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. ரெண்டர் படம் காட்டும்போது திரையின் மூலையில் "கற்பனைப் படம்" என்று வீடியோ முடியும்வரை போட்டுவையுங்கள், முதல் இரண்டு நொடிக்கு மட்டும் இல்லாமல்.

இன்னொன்று. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் போன், டேப்லெட்டுகளுக்குப் புது விதி வந்திருக்கிறது. 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிச்சம் இருக்க வேண்டும். விற்பனை நிறுத்திய பிறகு 7 வருடம் உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும், 5 வருடம் ஓஎஸ் அப்டேட் வர வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று ஏ-யிலிருந்து ஈ வரை தரம் போட்ட லேபிளும் உண்டு. நமக்கு அந்த விதி இல்லை என்றாலும் அந்த லேபிள்கள் யாரும் பார்க்கும்படி பொதுவில் இருக்கின்றன. அங்கே விற்கும் மாடல் இங்கேயும் விற்கும்போது அதைத் தமிழில் படித்துக் காட்ட ஒரு தம்பியோ தங்கையோ முன்வந்தால், அந்த வீடியோவை எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நானே போடுகிறேன்.

அடுத்த மினி அறிவிக்கப்படும் ராத்திரி உங்கள் நேரலையில் நானும் இருப்பேன். "எந்தப் பென்சில்?" என்று முதல் கமெண்ட் வந்தால் அது நான்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு கணக்கு டீச்சர்,
பாளையங்கோட்டை