திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பரிந்துரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசுத் தலைவர் பதவி என்றாலே 'ரப்பர் ஸ்டாம்பு' என்று எழுதுவதும் மேடையில் பேசுவதும் நம்மிடையே பழகிப்போன ஒன்று. அது முழு உண்மை அல்ல என்று காட்டியவர், 1997 முதல் 2002 வரை அந்தப் பதவியில் இருந்த கே.ஆர்.நாராயணன். இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல. 1996-ல் பத்மநாபபுரத்திலிருந்து தமிழகத்தின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ.வைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது எங்கள் கன்னியாகுமரி மாவட்டம். அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடும் என்னைப் போன்றவர்களிடம் நாராயணன் பெயரை எடுத்தால் இன்றும் முகம் சுளிப்பார்கள். கேரளத்தின் ஒற்றப்பாலம் மக்களவைத் தொகுதியில் மூன்று முறை வென்ற காங்கிரஸ்காரர், ராஜீவ் அமைச்சரவையில் இருந்தவர், பீகாரில் வாஜ்பாய் அரசுக்குக் குறுக்கே நின்றவர் என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் பீகாருக்கு முந்தைய ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் நடந்ததை மட்டும் யாரும் பேசுவதில்லை.

1997 அக்டோபரில் மாயாவதி ஆதரவை விலக்கிக்கொண்டதும் கல்யாண் சிங்கின் பா.ஜ.க. அரசு ஆட்டம் கண்டது. ஆளுநர் ரொமேஷ் பண்டாரி இரண்டே நாள் கெடு கொடுத்தார். அக்டோபர் 21-ந்தேதி சட்டமன்றத்தில் மைக்குகளைப் பிடுங்கி ஒருவர் மீது ஒருவர் எறிந்தார்கள், மண்டைகள் உடைந்தன. எதிர்க்கட்சிகள் வெளியேறிவிட, 425 இடங்கள் கொண்ட அவையில் 222 ஓட்டுகளுடன் கல்யாண் சிங் வென்றார். அப்படியிருந்தும் ஆளுநர் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி அறிக்கை அனுப்பினார், பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவையும் மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. மறுநாளே நாராயணன் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். மத்திய அரசு கைவிட்டது. பிழைத்தது பா.ஜ.க. அரசு, காப்பாற்றியது ஒரு முன்னாள் காங்கிரஸ் அமைச்சர்.

இதற்கான அதிகாரம் அரசியல் சட்டத்தில் பளிச்சென்றே இருக்கிறது. 1978-ன் 44-வது திருத்தம் 74-வது பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தது. அமைச்சரவையின் ஆலோசனையை மறுபடி யோசிக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவர் ஒரு முறை திருப்பி அனுப்பலாம், அதே ஆலோசனை மீண்டும் வந்தால் ஏற்றே ஆக வேண்டும். அந்த ஒரு முறைக்கு உள்ள பலம் சாதாரணமானதல்ல. கோப்பு திரும்பி வந்தது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், அமைச்சரவை காரணத்தை மறுபடி எழுதியாக வேண்டும். 1994-ல், மாநில ஆட்சிக் கலைப்பு பற்றிய பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மையை எண்ண வேண்டிய இடம் சட்டமன்றமே தவிர ராஜ்பவன் அல்ல என்று தீர்த்துவிட்டது. சட்டமன்றம் எண்ணி முடித்த பிறகு வந்த ஆளுநர் அறிக்கை எப்படி நிற்கும்?

தமிழ்நாட்டுக்காரர்கள் 1991 ஜனவரி 30-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். 356-வது பிரிவில் ஆளுநர் அறிக்கை என்பதை அடுத்து உள்ள 'அல்லது வேறு வகையில்' என்ற சொற்களை வைத்தே தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். திருப்பி அனுப்பும் அதிகாரம் அன்றைய குடியரசுத் தலைவரிடமும் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

இனி பீகார். 1998 செப்டம்பரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தது. அதுவும் திரும்பி வந்தது. அங்கே சட்டம் ஒழுங்கு சீர்கெட்டிருந்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் சீர்கேடு வேறு, அரசியல் சட்டப்படி ஆட்சி நடத்த முடியாத நிலை வேறு. ராப்ரிக்கு அவையில் பெரும்பான்மை இருந்தது. 1999 பிப்ரவரியில், தலித் மக்கள் கொல்லப்பட்ட பிறகு, மறுபடி பரிந்துரை போனது. இந்த முறை நாராயணன் கையெழுத்திட்டார். இடறியது வேறிடத்தில். குடியரசுத் தலைவர் ஆட்சிப் பிரகடனத்துக்கு இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதலும் வேண்டும். மக்களவை ஒப்புக்கொண்டது. மாநிலங்களவையில் நமக்கு ஆள் இல்லை. காங்கிரஸ் கைவிரித்ததும் மார்ச்சில் பிரகடனத்தைத் திரும்பப் பெற்று ராப்ரியையே நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. மாநிலங்களவைக் கணக்கைப் பார்க்காமல் இறங்கியது நம் தவறு. அதை நாராயணன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அவரிடம் எனக்குக் குறையே இல்லை என்று அர்த்தமல்ல. 2000 ஜனவரி 27-ல் நாடாளுமன்ற மைய மண்டபத்தில், அரசியல் சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா என்று கேட்டார். பிரதமர் அரசியல் சட்ட மறுஆய்வை ஆதரித்துப் பேசிய அதே விழாவில், அரசின் கொள்கைக்கு எதிராகக் குடியரசுத் தலைவர் பேசியிருக்கக் கூடாது. தனிச் சந்திப்பில் பிரதமரிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் அவை.

ஆட்சி அமைக்க அழைப்பதிலும் அவர் அளவுகோல் ஒன்றுதான்: ஆதரவை எழுத்தில் காட்டு, பிறகு அவையில் காட்டு. 1996-ல் சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சி என்று வாஜ்பாயை அழைத்து, ஆட்சி 13 நாளில் கவிழ்ந்தது. அதனால் 1998 மார்ச்சில் நாராயணன் கூட்டணிக் கட்சிகளின் கடிதங்களைக் கேட்டார். அ.தி.மு.க.வின் 18 எம்.பி.க்களுக்கான கடிதம் போயஸ் தோட்டத்திலிருந்து வராமல் இழுத்தடித்தது. காத்திருக்க வைத்து அவமானப்படுத்துகிறார் என்று நம்மவர்கள் கொதித்தார்கள். கடிதம் வந்த பிறகே அழைத்தார், அழைத்ததற்கான காரணத்தை அறிக்கையாகவும் வெளியிட்டார். மார்ச் 28-ல் 274-க்கு 261 என்று வாஜ்பாய் வென்றார்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 17-ல் 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் ஆட்சி போனது. சோனியா காந்தி 272 பேர் ஆதரவு இருப்பதாகச் சொன்னார். அவரிடமும் கணக்கைக் காட்டச் சொன்னார் நாராயணன். முலாயம் சிங் ஆதரவு தர மறுத்ததால் எண்ணிக்கை தேறவில்லை. தான் வளர்ந்த கட்சியின் தலைவி என்பதற்காக அவரை அழைத்துவிடவில்லை. ஏப்ரல் 26-ல் மக்களவை கலைக்கப்பட்டது. அதன் பின் நடந்த தேர்தலில்தான் நாகர்கோவில் தொகுதி முதன்முதலாகத் தாமரையை டெல்லிக்கு அனுப்பியது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.