அண்ணா, அன்று நானும் ரப் அரீனாவுக்கு வந்திருந்தேன்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். இன்று சித்திரை முதல் நாள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் புத்தாண்டு வாழ்த்துகளைச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு இதே நாளில், 2024 ஏப்ரல் 14 அன்று, மதியப் பந்தியில் நமக்குள் நடந்ததை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அது உங்களுக்கும் தெரியும், அன்று உடன் அமர்ந்து சாப்பிட்ட பன்னிரண்டு பேருக்கும் தெரியும். அவர்களில் பாதிப் பேராவது இதைப் படிப்பார்கள். தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று முறை உங்கள் எண்ணை எடுத்துவிட்டு அழைக்காமலே வைத்துவிட்டேன். நாலு பேர் முன்னிலையில் சொன்ன சொல்லுக்கு நாலு பேர் அறியத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுவதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை, கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் புதிய பயிற்சியாளர் மார்க் போப்பை வரவேற்க, அணியின் அரங்கமான ரப் அரீனாவுக்கு நீங்கள் தனியாகப் போனதாகத்தான் இதுவரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் வந்திருந்தேன்.

நீங்கள் மாங்காய்ப் பச்சடியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போன பிறகு யாரும் பேசவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். கைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உட்கார முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, எங்கோ தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து, மேல்தளத்தின் கடைசி வரிசைகளில் ஒன்றில் இடம் பிடித்தேன். ஒரு பயிற்சியாளரின் செய்தியாளர் சந்திப்புக்கு இருபதாயிரம் பேர் கூடியிருந்தார்கள். ஆடுகளத்தின் அருகே பேருந்து வந்து நின்றதும், பழைய ஆட்டக்காரர்கள் இறங்கியதும், 1996ஆம் ஆண்டுத் தேசியக் கோப்பையைக் கையில் ஏந்தி போப் வந்ததும் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் என் நெஞ்சு அதிர்ந்தது. ஆனால் நான் அவரைப் பார்க்கவில்லை. உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அவ்வளவு பெரிய அரங்கில் வேட்டி கட்டியிருந்தவர் நீங்கள் ஒருவர்தான். பண்டிகை வேட்டியை மாற்றாமல், அதன் மேல் அந்த வெளுத்துப் போன 1996 நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்தில் நின்றிருந்தீர்கள். இறங்கி வந்த ஒவ்வொரு ஆட்டக்காரரையும் கைநீட்டிக் காட்டி, பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மூதாட்டிக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் அவருக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் கண்களைத் துடைத்துக்கொண்டீர்கள். உங்கள் இடப்பக்கத்து இருக்கையில் உங்கள் மேலங்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது. இடம் தேடி வந்த ஒருவர் அதைக் காட்டி ஏதோ கேட்டார், நீங்கள் தலையை ஆட்டி மறுத்தீர்கள். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார். அவருக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

அந்த இடத்தை யாருக்காகப் பிடித்து வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு சொல்லைக் கேட்ட பிறகும், நான் வரமாட்டேன் என்று எல்லோர் முன்பும் அடித்துச் சொன்ன பிறகும் பிடித்து வைத்திருந்தீர்கள். நான் இறங்கி வரவில்லை. பேச்சு முடிவதற்கு முன்பே வெளியேறிவிட்டேன். கோபத்தில் சொன்ன சொல்லைவிட, மேலே நின்று அந்த மேலங்கியைப் பார்த்துக்கொண்டே இறங்காமல் இருந்தேனே, அதுதான் இந்த ஓர் ஆண்டாக என்னை அரிக்கிறது.

ஏன் அப்படிப் பேசினேன் என்பதற்கு என் தரப்பு நியாயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சென்ற ஆண்டு மார்ச் 21 அன்று தேசியக் கல்லூரித் தொடரில் ஓக்லாண்டு அணியிடம் 80க்கு 76 என்று நாம் தோற்ற இரவில், அவர்களுடைய, ஜாக் கோல்கி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து பத்தாவது முறையாகக் கூடையில் போட்டபோது, தொலைக்காட்சியை ஊமையாக்கிவிட்டு வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் அதையும் அணைத்துவிட்டீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செயின்ட் பீட்டர்ஸிடம் தோற்றபோதும் இதே வரவேற்பறையில்தான் இருந்தோம். அப்போதைய பயிற்சியாளர் காலிபாரி போக வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. அவர் அர்கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் போனதும், இந்தப் பதவிக்கு நாடே போட்டி போடும் என்று நம்பினேன். பெரிய பெயர்கள் அடிபட்டன, பேய்லர் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஸ்காட் ட்ரூ மறுத்துவிட்டார், கடைசியில் போப் என்றார்கள். தலைமைப் பயிற்சியாளராக ஒன்பது பருவங்கள் இருந்தும் தேசியத் தொடரில் ஒரு வெற்றிகூடப் பெறாதவர். நாம் ஓக்லாண்டிடம் தோற்ற அதே மார்ச் 21இல் அவருடைய பிரிகாம் யங் அணி டுகேனிடம் தோற்று வெளியேறியிருந்தது. அரங்கின் கூரையில் எட்டு சாம்பியன் பதாகைகளைத் தொங்கவிட்டிருக்கும் ஒரு பல்கலைக்கழகம் இதற்கா இவ்வளவு அலைந்தது என்று நான் நினைத்ததில் தவறில்லை. அந்த வாரம் கென்டக்கியில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

உங்களுக்கு அவர் வேறு. நீங்கள் லெக்சிங்டனுக்கு வந்து சேர்ந்தது 1995 ஆகஸ்டில், கையில் இரண்டு பெட்டிகளோடு, இந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாமல். அடுத்த ஏப்ரலில் அன்றைய பயிற்சியாளர் பிட்டினோவின் கென்டக்கி அணி இறுதிப் போட்டியில் சிரக்கியூஸை 76க்கு 67 என்று வென்றபோது அதன் தலைவர்களில் ஒருவர் இந்த போப். முதல் குளிர்காலத்தை அந்த அணிதான் கடக்க வைத்தது என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! நான் வந்தது 2009 ஆகஸ்ட். காலிபாரிக்கும் அதுதான் முதல் பருவம். ஐந்து பருவங்களில் நான்கு முறை தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவரவர் கண்ட முதல் கோப்பையைக் கொண்டு அளக்கிறோம் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் அளவுகோலை மட்டும் பழங்கதை என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தாமல் உங்கள் வயதையும், இங்கே எழுதக் கூடாத வேறொன்றையும் இழுத்தேன். அந்த வேறொன்றுக்காக அண்ணியிடம் தனியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் இப்போது கேட்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. போப்பின் அணி ஒரு போட்டியைக்கூட ஆடுவதற்கு முன்பே, மூன்று ஆண்டுகள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். பிட்டினோவுக்குப் பின் வந்த பயிற்சியாளர் டப்பி ஸ்மித்துக்கு இந்தப் பொறுமை எங்கே போயிருந்தது? அந்த மனிதர் 1998இல் தன் முதல் ஆண்டிலேயே கோப்பையை வென்றார். பத்து ஆண்டுகளில் 263 வெற்றிகள், 83 தோல்விகள். அவரைப் பருவத்துக்குப் பத்துத் தோல்விக்காரர் என்று பட்டப்பெயர் வைத்து ஊரே கரித்துக்கொட்டி, 2007இல் மின்னசோட்டாவுக்குப் போகும்படி செய்தபோது நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவருக்குப் பின் வந்த கில்லிஸ்பி இரண்டே ஆண்டுகளில் அணியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதையும் பார்த்தீர்கள். நம்மவர் என்றால் பொறுமை, இல்லையென்றால் கணக்கு என்பதை என்னால் அன்றும் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

இந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி இதுதான் என்னை உடைத்தது. காலிபாரி அர்கன்சாஸ் அணியோடு ரப் அரீனாவுக்குள் நுழைந்தபோது எழுந்த ஊளைச் சத்தத்தை நீங்கள் உங்கள் புது ஊரில் தொலைக்காட்சியில் கேட்டிருப்பீர்கள். பருவம் முழுவதற்கும் பணம் கட்டி வைத்திருக்கும் நம் இரண்டு இருக்கைகளில் ஒன்றில் நான் இருந்தேன். எழுந்து நின்று கைதட்டினேன். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். இவர்தானே 2012இல் நியூ ஆர்லியன்ஸில் கான்சாஸை வென்று தந்தவர், அன்று ஸ்டேட் தெருவில் மாணவர்கள் சோபாக்களைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது நீங்கள்தானே என் தோளைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நடந்தீர்கள் என்று நினைத்தபடியே தட்டினேன். அன்றிரவு நாம் 89க்கு 79 என்று தோற்றோம். அவரை வரவேற்ற விதம் சரிதான் என்று நீங்கள் நம் செய்திக் குழுவில் எழுதினீர்கள். எனக்கு அல்ல, குழுவுக்கு. யார் படிக்க வேண்டும் என்று எழுதினீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

அன்றிரவு உங்கள் மேல் வந்த கோபத்தில் தூங்கவில்லை. ஆனால் விடியற்காலையில் அந்த வேட்டி நுனி நினைவுக்கு வந்தது. ஒரு பயிற்சியாளருக்காக நான் எழுந்து நின்றது ஆட்டக் கணக்கைப் பார்த்தா? ஒருவன் முறைத்ததற்கே எனக்கு அவ்வளவு வலித்தது. நான் உங்களைப் பன்னிரண்டு பேர் முன்பு என்ன செய்தேன்!

போப்பைப் பற்றி என் கணிப்பு பிழையாகிவிட்டது. அதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். உதவித்தொகை பெறும் பழைய ஆட்டக்காரர் ஒருவர்கூட மிஞ்சாத அணியை ஏற்று, வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்களையும் நம் மாநிலத்துப் பையன்களையும் சேர்த்து ஒரே கோடையில் ஓர் அணியாக்கினார். நவம்பரில் அட்லாண்டாவில் இடைவேளையின்போது ஒன்பது புள்ளிகள் பின்தங்கியிருந்து ட்யூக்கை 77க்கு 72 என்று வென்ற இரவில், உங்களுக்கு ஒரு செய்தி எழுதி அழித்தேன். சியாட்டிலில் பதினெட்டு புள்ளிகள் பின்னால் இருந்து கொன்சாகாவைக் கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் வென்றபோது மறுபடி எழுதி அழித்தேன். லூயிவில்லுக்கு எதிராக லாமாண்ட் பட்லர் 33 புள்ளிகள் எடுத்தபோது, அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்த ஆறும் விழுந்தபோது, நான் பக்கத்து இருக்கையில் இருந்த அந்நியரைக் கட்டிப்பிடித்தேன். அது உங்கள் இருக்கை. ஹார்லன் கவுண்டிப் பையன் டிரென்ட் நோவா களம் இறங்கும் ஒவ்வொரு முறையும், மலைப்பகுதியில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து இந்த அணியைக் கேட்ட கதையை நீங்கள் சொல்வது காதில் விழுந்தது.

தரவரிசையில் முதல் பதினைந்து இடங்களில் இருந்த அணிகளை எட்டு முறை வென்றோம். 2019க்குப் பிறகு முதன்முறையாகத் தேசியத் தொடரின் கடைசி பதினாறு அணிகளுக்குள் போனோம். பட்லருக்குத் தோள், கெர் கிரீசாவுக்குக் கால், ஜாக்சன் ராபின்சனுக்கு மணிக்கட்டு என்று அடிமேல் அடி விழுந்தும் இவ்வளவு நடந்தது. பருவத்தில் இரண்டு முறை வென்றிருந்த டென்னசியிடமே மார்ச் 28 அன்று இண்டியானாபொலிஸில் 78க்கு 65 என்று தோற்று முடிந்தது. மொத்தம் 24 வெற்றிகள், 12 தோல்விகள்.

அந்தப் பன்னிரண்டு தோல்விகளைப் பற்றி நாம் பேச வேண்டும், அண்ணா. டப்பி ஸ்மித்துக்கு ஆகாத எண் போப்புக்கு மட்டும் எப்படி ஆகும் என்று நான் கேட்பேன். முதல் ஆண்டு, புது அணி, காயங்கள் என்று நீங்கள் அடுக்குவீர்கள், அவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்வேன். ஆனால் அடுத்த பருவத்திற்கு இந்தச் சமாதானங்கள் செல்லாது. பதாகைகளை வெல்வதுதான் இங்கே தனக்கான வேலை என்று அவரே அன்று உங்கள் முன்னால் நின்று சொன்னார். அந்த வார்த்தையை அவரிடம் கேட்பது அவரை மதிப்பதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் மறுக்கலாம். வரவேற்பறையில் உட்கார்ந்து மறுங்கள், குழுவில் வேண்டாம்.

நீங்கள் ஊரை விட்டுப் போகும் முடிவுக்கு நான்தான் காரணம் என்று சிலர் என் காதுபடவே சொன்னார்கள். இல்லை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதற்கு மேல் இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் வழியனுப்ப வராமல் இருந்தது என் குற்றம். போன கையோடு, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், நம் இரண்டு இருக்கைகளில் உங்கள் பாதிக்கான தொகையையும் பல்கலைக்கழக விளையாட்டு நிதிக்கான நன்கொடையில் உங்கள் பங்கையும் சேர்த்துக் காசோலையாக அனுப்பி வைத்தீர்கள். உறைக்குள் கடிதம் இல்லை. காசோலையின் மூலையில் "இந்த வருஷமும்" என்று தமிழில் எழுதியிருந்தது. எழுநூறு மைல் தொலைவில் இருந்துகொண்டு, வர முடியாத ஆட்டங்களுக்குப் பணம் கட்டியிருந்தீர்கள். அதை நான் வங்கியில் போடவில்லை. இரண்டு இருக்கைக்கும் நானே கட்டினேன். முதலில் அதை ரோஷம் என்று நினைத்தேன். வங்கியில் போட்டால் அந்தத் தாளும், அதில் உள்ள உங்கள் கையெழுத்தும் போய்விடும் என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

பருவம் முழுவதும் உங்கள் இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 11, டென்னசி ஆட்டத்தன்று மட்டும் யாரையும் அழைக்கவில்லை. என் மேலங்கியை மடித்து அதில் வைத்தேன். ஒரு மாணவன் வந்து கேட்டான், ஆள் வருகிறார் என்று சொன்னேன்.

இந்த ஆண்டும் இரண்டு இருக்கைகளையும் புதுப்பிக்க முடிவு செய்துவிட்டேன். பழைய காசோலைக்கு ஆறு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது, இனி வங்கி ஏற்காமல் போகலாம். அது என் மேசையிலேயே இருக்கட்டும். புதிதாக ஒன்று எழுதி அனுப்புங்கள். நவம்பரில் முதல் ஆட்டத்திற்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், விமான நிலையத்திற்கு வந்து நிற்கிறேன்.

உங்கள் தம்பி

லெக்சிங்டன்
2025 ஏப்ரல் 14